உப்பும் வெப்பமும்: பாலாற்றுப் படுகைப் பள்ளிகளில் காலநிலைக் கல்வி

1991-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் பதிவான இரண்டு ரிட் மனுக்களில் வழக்கறிஞர் எம்.சி. மேத்தாவுக்குப் பங்கு உண்டு. ஒன்று அவரே தொடுத்தது. அதில் அதே ஆண்டு நவம்பர் 22-இல் வந்த தீர்ப்பு, சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. மற்றது வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் மனு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்தது பற்றியது. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு அதில் வழங்கிய தீர்ப்பு, ‘முன்னெச்சரிக்கை’, ‘மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்’ என்ற இரு கோட்பாடுகளையும் நாட்டின் சட்டமாகவே அறிவித்தது. முதல் தீர்ப்பு வகுப்பறைக்குள் வந்தது. இரண்டாவது சட்டக் கல்லூரிகளோடு நின்றுவிட்டது.

காலநிலை மாற்றத்தை மாணவரிடம் கொண்டுசேர்க்கக் கலை, மின்னணுவியல், தியானம் ஆகிய மூன்றும் இப்போது பரவலாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. தனித்தனியே நடத்தினால் மூன்றும் பொழுதுபோக்காகவே முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம். உள்ளூர்க் கேள்வி ஒன்றை நடுவில் வைத்து, அளவீட்டை முதலிலும், அமைதியை அளவீட்டுக்குத் துணையாகவும், படைப்பை அளவீட்டுக்குப் பதில் சொல்லும் பொறுப்போடும் அமைத்தால்தான் அவை கல்வியாகும். வேலூர் – ஆம்பூர் தோல் மண்டலத்தில் அந்தக் கேள்வியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஆறு தரும் பாடம்

நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு ஆந்திரத்தைக் கடந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா வழியாக வங்கக் கடலுக்குப் போகிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் தேவை என்றும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்றும் 1996 தீர்ப்பு பதிவு செய்தது. 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் அதே ஆற்றைப் பற்றி மறுபடி ஆணையிட வேண்டியிருந்தது.

மாசும் காலநிலையும் வேறு வேறு பாடங்கள் என்று ஆசிரியர் ஒருவர் ஆட்சேபிக்கலாம். இந்த மண்டலத்தில் அவை பிரிவதில்லை. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இதே ஆற்றில்தான் 2021 நவம்பரில் பெருவெள்ளம் கரைபுரண்டது. மழை குறைந்தால் நிலத்தடி நீரில் உப்பின் செறிவு கூடும். வெயில் கூடினால் தண்ணீரின் தேவை கூடும். ஆற்றைக் காக்க வந்த தீர்வும் காலநிலைக் கணக்கில் சிக்குகிறது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்ற, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நீரை ஆர்.ஓ. சவ்வுகளில் அழுத்தி வடிக்கின்றன. மிஞ்சும் உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து ஆவியாக்குகின்றன. அதற்கு மின்சாரமும் வேண்டும், கொதிகலனுக்கு எரிபொருளும் வேண்டும். ஆற்றில் கலக்காத உப்பு மூட்டைகளாகக் குவிய, அதைப் பிரித்தெடுத்த செலவு கரியமில வாயுவாக வானத்துக்குப் போகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு இதைவிடக் கூர்மையான காலநிலைப் புதிர் கிடைப்பது அரிது.

அளவு

கேன் தண்ணீர் வாங்கும் ஊர்களில் ‘டி.டி.எஸ். எவ்வளவு?’ என்பது வீட்டுப் பேச்சு. குடிநீரில் கரைந்த திடப்பொருள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, மாற்று வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பேனா அளவுள்ள மீட்டர் அந்த எண்ணை நொடியில் காட்டிவிடும். ஆனால் அது உப்பை எடை போடுவதில்லை. நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, அதை ஒரு மாறிலியால் பெருக்கிச் சொல்கிறது.

மாணவர் தாமே அந்தச் சர்க்கியூட்டைக் கட்டும்போதுதான் பாடம் தொடங்குகிறது. இரண்டு ஆணிகளை நீரில் விட்டுப் பேட்டரியோடு இணைத்தால் ஆணிகளில் குமிழ்கள் ஏறும். காட்டும் எண் நிலையாக நிற்காமல் நழுவும். நேர்மின்னோட்டம் நீரை மின்னாற்பகுக்கிறது என்ற வேதியியல் பாடம் அங்கே கண்முன் நடக்கிறது. மின்னோட்டத்தின் திசையை ஆர்டுவினோ என்ற சிறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையால் விரைவாக மாற்றி மாற்றிக் கொடுத்தால் சிக்கல் பெரிதும் தீரும். அடுத்து வெப்பம் குறுக்கிடும். நீரின் கடத்துதிறன் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறக்குறைய 2 சதவீதம் உயர்கிறது. 25 டிகிரியில் 1000 என்று காட்டிய அதே நீர், வேலூர் வெயிலில் 35 டிகிரிக்குச் சூடானால் 1200 என்று காட்டும். உப்பு ஒரு துளியும் கூடியிருக்காது. கடை மீட்டர் இந்தத் திருத்தத்தை உள்ளுக்குள்ளேயே முடித்துவிடும். கையால் கட்டிய கருவியில் மாணவர் அதைத் தாமே எழுதியாக வேண்டும். ‘கோடையில் உப்பு கூடிவிட்டது’ என்று போஸ்டர் வரையும் முன் கருவியைச் சந்தேகிக்கக் கற்பது இப்படித்தான்.

வெப்பமானியிலும் இதே எச்சரிக்கை தேவை. பள்ளிகளில் பரவலாகப் புழங்கும் டி.எச்.டி.11 சென்சாரின் பிழை வரம்பு 2 டிகிரி. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை உயர்ந்ததோ, மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கைப்படி, சுமார் 0.7 டிகிரி. ஒரு நூற்றாண்டின் மாற்றமே அந்த மலிவுக் கருவியின் பிழைக்குள் ஒளிந்துகொள்ளும். தவிர, காலநிலை என்று பேச 30 ஆண்டுச் சராசரி வேண்டும்; ஒரு கல்வியாண்டு போதாது.

அப்படியானால் பள்ளி எதை அளக்கலாம்? வேறுபாட்டை அளக்கலாம். சத்துவாச்சாரியில், ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டிய நெடுஞ்சாலைத் தார், தகரக் கூரை வகுப்பறை, வேப்பமர நிழல் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே சென்சாரை மதியம் வைத்துப் பார்த்தால், கருவியின் நிலையான பிழை கழிந்துபோய் இடங்களின் வித்தியாசம் மிஞ்சும். உலகம் சூடாகிறது என்பதை இது நிரூபிக்காது. சூடான உலகில் யார் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பதைக் காட்டும்.

அமைதி

தியானத்துக்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் மனச்சுமை. 2021-இல் ‘லான்செட் பிளானட்டரி ஹெல்த்’ இதழில் வந்த ஆய்வு, இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் கேட்டது. 59 சதவீதத்தினர் காலநிலையைப் பற்றி மிகுந்த கவலையில் இருந்தார்கள். 45 சதவீதத்தினருக்கு அந்தக் கவலை அன்றாட வாழ்க்கையையே பாதித்தது. ஆகவே பிள்ளைகளைக் கண்மூடி உட்காரவைப்போம் என்ற முடிவுக்குத் தாவுவது எளிது.

சான்று அதற்குத் துணை நிற்கவில்லை. பிரிட்டனில் 85 பள்ளிகளில், 8,000-க்கும் மேற்பட்ட மாணவரிடம் நடந்த ‘மிரியாட்’ ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. எல்லா மாணவருக்கும் பொதுவாகக் கற்பித்த மனக்குவிப்புப் பயிற்சி, வழக்கமான சமூக – உணர்வுக் கல்வியைவிட மேலான பயன் எதையும் தரவில்லை. சுவீடன் ஆய்வாளர் மரியா ஒயாலா பள்ளிச் சிறாரிடம் கண்டது இன்னும் பயனுள்ளது. சிக்கலைத் தீர்ப்பதிலேயே குறியாக இருந்த பிள்ளைகளிடம் ஈடுபாட்டோடு மனவேதனையும் கூடியிருந்தது. செய்வதில் அர்த்தம் கண்டு, பிறர் மீதும் நம்பிக்கை வைத்தவர்கள் நல்ல மனநிலையோடு ஈடுபட்டார்கள்.

ஆகவே தியானத்தை மருந்தாகக் கொடுக்காமல், கவனத்தின் பயிற்சியாகக் கொள்வதே பொருந்தும். அண்டை ஆந்திரத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியில் ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய பள்ளியின் மாணவர், மாலையில் ‘அஸ்தாசல்’ என்ற பெயரில் கூடிப் பேசாமல் அமர்ந்து சூரியன் மறைவதைப் பார்ப்பது வழக்கம். மரம் வளர்த்து மீட்ட அந்தப் பள்ளத்தாக்கில் பறவைகளைக் கவனித்துப் பதிவதும் பள்ளி வாழ்க்கையின் பகுதி. மௌனமும் குறிப்பேடும் அங்கே கைகோத்துப் போகின்றன.

இந்த மண்டலத்துக்கு இன்னொரு நியாயமும் உண்டு. ஆம்பூரில் இஸ்லாமிய மரபின் மஸ்ஹருல் உலூம் பள்ளியும் இருக்கிறது, கிறிஸ்தவ மரபின் கான்கார்டியா பள்ளியும் இருக்கிறது. மந்திரமோ உருவமோ சார்ந்த தியானம் இங்கே பல வீடுகளில் கேள்வியை எழுப்பும். சென்சாரின் எண் நிலைபெறும் வரை சில நிமிடங்கள் கண் திறந்தே மௌனமாக இருந்து, கேட்ட ஒலியையும் தோலில் உணர்ந்த சூட்டையும் எழுதி, பிறகு திரையைப் பார்ப்பது எந்த மதத்தோடும் மோதாது. உடம்பு சொன்னதும் கருவி சொன்னதும் எங்கே விலகின என்பது அடுத்த விவாதத்துக்குப் பொருள்.

அமைதி வேலைக்குத் துணையாக நின்றால்தான் பயன் தரும் என்பதைத் தியானம் கற்பிக்கும் ஓர் அமைப்பின் அனுபவமும் காட்டுகிறது. பாலாற்றுப் படுகையைச் சேர்ந்த நாகநதியை மீட்க வாழும் கலை அமைப்பு வேலூர், திருவண்ணாமலை மாவட்டப் பெண்களோடு இறங்கியபோது, நூறு நாள் வேலைத் திட்டத்தின் வழியாக நீர் செறிவூட்டும் கிணறுகள் தோண்டப்பட்டன. 2021 செப்டம்பரில் பிரதமரின் ‘மனதின் குரல்’ உரையில் அந்தப் பெண்கள் இடம்பெற்றதும் இந்த வேலைக்காகத்தான்.

படைப்பு

ஓவியப் போட்டியும் வாசகம் எழுதும் போட்டியும் படைப்பாற்றலின் மிக மலிவான வடிவங்கள். பசுமையான பாதி, கருகிய பாதி எனப் பூமி உருண்டையைப் பிளந்து வரைய எந்த மாணவரும் எதையும் கவனித்திருக்க வேண்டியதில்லை.

திருவண்ணாமலையின் வினிஷா உமாசங்கர் வேறு வழியில் போனார். தெருவில் இஸ்திரி போடுபவர் எரிந்த கரியைக் கொட்டுவதைக் கவனித்ததில் தொடங்கியது அவரது வடிவமைப்பு: சைக்கிளில் பொருத்திய சூரிய மின் இஸ்திரி வண்டி. ஐந்து மணி நேர வெயில் ஆறு மணி நேர வேலைக்குப் போதும் என்பது அதன் கணக்கு. 2020-இல் சுவீடனின் குழந்தைகள் காலநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது; 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினார். கற்பனை அங்கே ஒரு தொழிலாளியின் வேலைநேரத்துக்கும் வருமானத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

தோல் மண்டலத்தின் பிள்ளைகளுக்கு இதே கட்டுப்பாடு இன்னும் கடினமானது. டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகள், ஆலையை வில்லனாக்கி நாடகம் போட்டால் வீட்டுச் சோற்றையே குற்றம் சொன்னதாகும். வடாற்காட்டின் தெருக்கூத்து இங்கே உதவும். எதிரெதிர்த் தரப்புகள் சபையில் நின்று நீண்ட தர்க்கம் செய்ய அதில் இடமுண்டு. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் இரு பக்கத்தையும் கேலி செய்வான். விவசாயி, டேனரி முதலாளி, அங்கே வேலை செய்யும் பெண், சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர் ஆகிய நால்வரையும் சபையில் நிறுத்தி, மாணவர் அளந்த எண்களைக் கட்டியங்காரன் வாயில் கொடுத்தால் கூத்து ஆய்வறிக்கையின் வேலையைச் செய்யும்.

நேர அட்டவணை

இவற்றுக்கான அமைப்புகள் ஏற்கெனவே உள்ளன. அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் அறிவியல் செயல்பாடுகளை நடத்துகிறது. கலைத் திருவிழா மேடை தருகிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இங்கு ஒருங்கிணைக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், மாணவர் தாய்மொழியிலேயே உள்ளூர்ச் சிக்கலை ஆராய்ந்து அறிக்கை தரலாம். 2014–15-இல் அதன் மையப்பொருளே வானிலையும் காலநிலையும்தான். ஆனால் இவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறுப்பாசிரியர், தனி நாள், தனிப் பரிசு. வானவில் மன்றத்தில் எடுத்த அளவு கலைத் திருவிழாவின் கூத்துக்குப் பொருளாக வேண்டும் என்று எந்த விதியும் சொல்வதில்லை; அப்படி ஒரு விதியைச் சேர்க்கப் பெரிய செலவும் ஆகாது.

செலவு வேறிடத்தில் இருக்கிறது. பிள்ளைகள் எடுத்த எண் ஒரு கிணற்றையோ ஒரு வாய்க்காலையோ சுட்டும் நாளில், தலைமையாசிரியர் தனியே நின்று பதில் சொல்லும் நிலை வரக் கூடாது. தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தின் கீழ் மாவட்ட ஆட்சியரே மாவட்ட இயக்குநர், வன அலுவலர் காலநிலை அலுவலர். பள்ளி அளவீடுகளை அந்த அலுவலகம் முறைப்படி பெற்றுக்கொண்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வகத்தில் சரிபார்த்து, முடிவை எழுத்தில் பள்ளிக்கே திருப்பி அனுப்பும் ஏற்பாடு தேவை. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களும் 2019 வரை ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தவை, இன்றும் ஒரே ஆற்றைப் பகிர்பவை. ஆகவே இந்த ஏற்பாட்டை மூன்றிலும் சேர்த்தே தொடங்குவது பொருத்தம்.