கையில் மணி, வாயில் அரைகுறைத் தமிழ்



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் இப்போது தென் கொரியாவில் இருக்கிறாள். அங்கே ஒரு தேவாலயத்தில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு முகாம் நடத்துகிறாள். பாட்டு, பைபிள் கதை, விளையாட்டு எல்லாமே ஆங்கிலத்தில்தான். பெற்றோர் அனுப்புவது ஆங்கிலத்துக்காக. இவள் நடத்துவது விசுவாசத்துக்காக. "பிள்ளைங்க வாயே திறக்க மாட்டேங்குறாங்க சார்" என்று எழுதியிருந்தாள். அவளுக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. நம்ம ஊர்க் கதை என்பதால் உங்களுக்கும் சொல்கிறேன்.

சாகுபுரத்துக்கு வடக்கே சில கிலோமீட்டரில், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் இருக்கிறது. தெற்கே மணப்பாடு. இந்த முத்துக்குளித்துறைக்கு 1542-ல் வந்தார் பிரான்சிஸ் சவேரியார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பரதவர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். முத்துக்குளிப்பில் போட்டி, சண்டை; போர்த்துகீசியரின் பாதுகாப்பு தேவைப்பட்டது. ஆக அன்றும் மக்கள் வந்த காரணம் ஒன்று, பாதிரியார் வந்த காரணம் வேறு.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இவர்களுக்குத் தமிழ் எப்படியோ, அப்படித்தான் தமக்குப் பாஸ்கு மொழி என்று அவரே எழுதுகிறார். இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு கையில் மணியை எடுத்து அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். கூடிய பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் நாளுக்கு இருமுறை பாடம். படித்ததை வீட்டில் அப்பா, அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு இட்ட கட்டளை. நோயாளிகள் வீட்டுக்குத் தாம் போக முடியாதபோது ஜெபம் சொல்லவும் பிள்ளைகளையே அனுப்பினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதெல்லாம் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த உத்திகளில் பாதி இதற்குள் அடங்கிவிடும்!

அந்தத் தமிழ் எப்படி இருந்தது தெரியுமா? விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று இருந்தது. அதாவது, "கடவுள் எனக்கு வேணும்" என்று கடற்கரை முழுக்கப் பிள்ளைகள் சத்தமாய் ஒப்பித்திருக்கிறார்கள். அதே 1544-ல் உடன் உழைத்த பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு எழுதி அதைத் திருத்தச் சொன்னார். இன்னொரு சொல்லையும் விடச் சொன்னார். அது 'பலவந்தத்தால்' என்று பொருள்படுமாம். கிறிஸ்து பாடுபட்டது தம் விருப்பத்தால் அல்லவா? எனக்கென்னவோ அந்த 'வேணும்' அப்படியொன்றும் பெரிய பிழையாகப் படவில்லை. அந்தப் பெண்ணுக்கும் இதைத்தான் எழுதினேன்: கொரிய மொழியில் நாலு வாக்கியம் நீ தப்பாகப் பேசு அம்மா, பிள்ளைகள் உன்னைத் திருத்தட்டும். வாய் திறந்துவிடும்.

சவேரியார் இங்கே தங்கிய காலம் குறைவு. அவருக்குப் பின் வந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார்தான் தமிழை உண்மையாகவே படித்தவர், இலக்கணமே எழுதினார். பாதிரியார்கள் தங்களுக்குள்ளும் தமிழில்தான் பேச வேண்டும், தவறினால் தண்டனை என்று ஒரு ஏற்பாடும் செய்துகொண்டார்கள். தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகளைப் பார்த்துவிட்ட நமக்கு இது விசித்திரமாக இருக்கும்.

அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் அச்சானது; பதினாறே பக்கம். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. இதன் மூலநூல் மார்க்கோஸ் ஜோர்ஜ் போர்த்துகீசிய மொழியில் எழுதியது; சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவென்றே உரையாடலாக அமைந்த நூல். ஆகத் தமிழின் ஆரம்பகால அச்சு நூல்களில் ஒன்று, பிள்ளைகளுக்கான கேள்வி-பதில் பாடப்புத்தகம். ஆசிரியர் வேலை பார்த்தவனுக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம்.

1586-ல் 'அடியார் வரலாறு' வெளிவந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கரையில் வாழ்ந்த ஹென்றிக்கஸ் 1600-ல் இறந்தார். அவரை அடக்கம் செய்ததும் தூத்துக்குடியில்தான்.