ஓரணாச் சிற்றுண்டியும் ஆப்சென்ட் மார்க்கும்

எங்கள் காலத்து லீவ் லெட்டர் உங்களுக்கு நினைவிருக்கும். ‘காய்ச்சலாக இருப்பதால்’ என்று தொடங்கி, ‘தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன்’ என்று முடியும். காய்ச்சல், கல்யாணம், துக்கம் இந்த மூன்றுக்குத்தான் கடிதம் வரும். மாடு மேய்க்கப் போனேன், தங்கச்சிப் பாப்பாவைத் தூக்கி வைத்திருந்தேன் என்று யாரும் எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. எழுதத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு லீவ், மற்றவனுக்கு ஆப்சென்ட்.

சென்னை மாகாணத்தில் 1920-இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. உள்ளாட்சி மன்றங்கள் அரசின் ஒப்புதலோடு தங்கள் எல்லைக்குள் கல்வியைக் கட்டாயமாக்கலாம் என்றது அந்தச் சட்டம். அதே ஆண்டு செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கில் இருந்த தன் பள்ளியில் மதியச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று நிபந்தனை. பிள்ளைகள் கூடுதலாக வந்தார்கள், வேறு சில பள்ளிகளுக்கும் திட்டம் போனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவை ஆங்கில அரசு ஏற்க மறுத்ததால் 1925-இல் சிற்றுண்டி நின்றது. வருகையும் குறைந்தது. சட்டத்தைவிட அந்த ஓரணா எவ்வளவு வேலை செய்திருக்கிறது பாருங்கள்!

1953-இல் ராஜாஜி கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். இருக்கிற பள்ளிகளில் அதிகம் பேரைச் சேர்க்கலாம் என்ற கணக்கும் அதில் இருந்தது. அரசாங்கமே கொடுத்த அரைநாள் லீவ் என்றுதான் நான் சொல்வேன். குலக்கல்வி என்று எதிர்ப்பு கிளம்பியது. 1954-இல் அவர் விலக, காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். இரண்டே ஆண்டில், 1956-இல், எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் நன்கொடை கேட்டார். எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982 ஜூலையில் வந்தது.

அதன்பிறகு அட்டென்டன்ஸ்தான் சாப்பாட்டுக் கணக்கு. காலையில் ஒரு கோடு, மதியம் எதிர்க்கோடு, சேர்ந்தால் பெருக்கல் குறி. பத்து மணிக்குள் எண்ணிக்கையைச் சமையல் கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

அந்த வருஷங்களில் என் நான்காம் வகுப்பில் ஒரு பையன் மாட்டைக் காட்டில் ஓட்டிவிட்டுப் பத்தரைக்குத்தான் வருவான். நேரம் தவறினால் ஆப்சென்ட் என்பது என் கொள்கை. பெரிய நியாயவான் என்று எனக்கு நினைப்பு. பாடம் கேட்பான், கணக்குப் போடுவான், மணி அடித்ததும் தட்டோடு வரிசையில் நிற்பான். எண்ணிக்கையில் அவன் இல்லை. சில நாள் ஆயா சட்டியில் மிஞ்சியதைப் போட்டாள், சில நாள் ஒன்றும் மிஞ்சவில்லை. எனக்கு இதெல்லாம் தெரியாது. கார்த்திகை மாதம் அவன் நின்றுபோன பிறகு ஆயாதான் சொன்னாள்.

வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். அப்பா சரி என்றார். அவன் என்னைப் பார்க்கவே இல்லை, வரவும் இல்லை.

அடுத்த ஜூனிலிருந்து எண்ணிக்கையில் தினமும் மூன்று நான்கு பேரைக் கூட்டி எழுதினேன். விதிப்படி தப்பு. ஓய்வு பெறும்வரை அப்படித்தான் எழுதினேன்.