பேரரசின் ஆணையும் தெனவரை நாயினாரும்: காலி மும்மொழிக் கல்வெட்டு பற்றி ஒரு மறுப்பு

வெள்ளவத்தையிலோ கல்கிசையிலோ வரலாற்றில் ஈடுபாடுள்ள நாலுபேர் கூடிப் படைகள், பேரரசுகள், மொழிகள் பற்றிப் பேசத் தொடங்கினால், கொழும்பு தேசிய நூதனசாலையில் நிற்கும் காலி மும்மொழிக் கல்வெட்டு எப்படியும் சாட்சிக்கு இழுக்கப்படும். சீனப் பேரரசனே தமிழில் எழுதினான், ஆகவே தென்னிலங்கை தமிழர் கையில் இருந்தது என்பார் ஒருவர். சீனக் கடற்படை இத்தீவை அடக்கியது, கல் அந்த ஆதிக்கத்தின் அடையாளம் என்பார் மற்றவர். முதற்கூற்று எளிதில் விழும். பின்னர் அதற்கு வருகிறேன். இரண்டாவதற்குப் பின்னால் கனமான ஆய்வொன்று நிற்கிறது. இக்கட்டுரை அதனோடுதான் முரண்படுகிறது.

வரலாற்றாய்வாளர் ஜெஃப் வேட் 2005இல் வெளியிட்ட கட்டுரை, மிங் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கடற்பயணங்களை நட்புத் தூது என்று வருணிக்கும் மரபைக் கடுமையாக மறுத்தது. மிங் அரசின் உண்மைப் பதிவேடுகளையே அவர் அடித்தளமாகக் கொண்டார். 1407இல் பலெம்பாங்கில் சென் சூயியின் ஆட்கள் 5,000 பேர் கொல்லப்பட்டனர். 1411இல் இலங்கை அரசன் குடும்பத்தோடு பிடிபட்டான். 1415இல் சுமாத்திராவின் செகந்தர் சிறைப்பட்டான். ஒவ்வொரு பயணத்திலும் பல்லாயிரம் படையினர் சென்றனர். நிலத்தைப் பிடிக்காமல் துறைகளையும் கடல்வழிகளையும் பிடியில் வைக்க முயன்ற இம்முயற்சி ஒருவகை முற்குடியேற்றவாதம் என்பது அவரது முடிவு. இலங்கையில் சீனர் காவற்படை வைக்கவில்லையே என்று சிலர் பதில் சொல்வது போதாது. நிலம் பிடிக்கவில்லை என்பதை வேடே ஏற்றுக்கொண்டுதான் வாதிடுகிறார். இலங்கைப் போரைப் பற்றிய சீனப் பதிவிலும் ஐயத்துக்கு அதிகம் இடமில்லை. 50,000 பேர் சீனக் கப்பல்களைக் கொள்ளையிட அனுப்பப்பட்டனர், மரங்களை வெட்டிப் பாதையை அடைத்தனர், செங் ஹே 2,000 பேருடன் மாற்றுவழியில் சென்று தலைநகரைப் பிடித்தார் என்கிறது அது. எண்களை வெற்றி பெற்றவன் எழுதிய எண்களாகவே கொள்ள வேண்டும். போர் நடந்ததை மறுக்க முடியாது.

வேடின் வாசிப்பில் குறைவது வேறொன்று. அரசவைப் பதிவேட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் பேரரசின் குரல் ஒன்றுதான் கேட்கும். இக்கல்லில் மூன்று குரல்கள் உள்ளன. அவை ஒன்றையொன்று மொழிபெயர்க்கவில்லை.

1911இல் காலியில் ஒரு மதகை மூடிக் குப்புறக் கிடந்த நிலையில் இக்கல் கண்டெடுக்கப்பட்டது. உயரம் ஏறத்தாழ 145 சென்ரிமீற்றர், அகலம் 76 சென்ரிமீற்றர். உச்சியில் இரு டிராகன்கள் எதிரெதிராகச் செதுக்கப்பட்டுள்ளன. வலப்புறம் சீனம், இடப்புறம் மேலே தமிழ், அதன்கீழ் பாரசீகம். யொங்லே பேரரசனின் ஏழாம் ஆண்டு இரண்டாம் மாதம் என்று தேதி இட்டிருக்கிறது; அதாவது 1409 பெப்ரவரி. மூன்றாம் பயணத்துக் கப்பல்கள் அவ்வாண்டின் பிற்பகுதியில்தான் சீனாவை விட்டன. ஆகவே வாசகம் சீனாவிலேயே எழுதப்பட்டுக் கல்லும் அங்கேயே செதுக்கப்பட்டது என்பதே பொருத்தம். போர் மூளுமுன் எழுதப்பட்ட கல் இது. இதை வெற்றிச் சின்னமாக வாசிப்போர் முதலில் இந்தத் தேதியைக் கடந்து வரவேண்டும்.

சீனப் பகுதி புத்தரை நோக்கியது. அண்மையில் அயல்நாடுகளுக்கு அரசாணைகளோடு தூதரை அனுப்பினோம், கடல்வழி திறந்தது உமது அருளால், ஆட்களும் கப்பல்களும் இடரின்றிப் போய்வந்தனர் என்பது அதன் சாரம். செனரத் பரணவிதான 1933இல் பதிப்பித்த தமிழ்ப் பகுதி, இலங்கை இராச்சியத்துத் தெனவரை நாயினாரின் சந்நிதியை நோக்கியது. உலகத்து உயிர்கள் நாயினாரின் அருளால் நலமாக வாழ்கின்றன, அங்கு வருவோரின் போக்குவரத்து அவரது அருளால் தடையின்றி நடக்கிறது என்று அது சொல்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தால் ஒன்று கண்ணிற் படும். அயல்நாடுகளுக்கு ஆணை அனுப்பிய செய்தி தமிழில் இல்லை. கடல்வழியைத் திறந்தோம் என்ற உரிமைக் குரலும் இல்லை. வருவோர் யார், எந்த அரசனின் ஆட்கள் என்ற வேறுபாடின்றி எல்லாருடைய பயணத்துக்கும் காவல் தெனவரைத் தெய்வமே. கொடைப் பட்டியலில் மட்டும் இரு பகுதிகளும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு 50, எண்ணெய் 2,500 என்று அளவுகள் இரண்டிலும் நிற்கின்றன. கொடையை எண்ணிக் கொடுத்த கணக்கர் ஒருவராகவும், வேண்டுதலை எழுதியவர் வேறொருவராகவும் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

அந்த வேறொருவர் யார்? இங்கே சான்று மெலிவானது. ஆயினும் விட்டுவிட மனமில்லை. 1407இல் மிங் அரசு மொழிபெயர்ப்பாளர் கழகமொன்றை நிறுவியது. அதன் எட்டுப் பிரிவுகளில் பாரசீகத்துக்கு இடமிருந்தது, தமிழுக்கு இருக்கவில்லை. பாரசீக வாசகம் அரசவை அலுவலர் கையிலிருந்தே வந்திருக்கலாம். தமிழ் வாசகம் அப்படி வந்திருக்க முடியாது. சுவான்சௌவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டை விட்டுச்சென்ற வணிகரின் வழித்தோன்றல்களை நினைக்கத் தோன்றும். ஆனால் 1357 முதல் 1366 வரை அந்நகரில் நடந்த கலகங்கள் அயலார் குடியிருப்புகளைச் சிதைத்துவிட்டன. அதைவிட, 1407இல் திரும்பிய முதற்பயணத்துக் கப்பல்களில் வந்த, தென்கரைக் கோயில் வழக்கம் தெரிந்த ஒருவர் எழுதினார் என்பதே எனக்கு ஏற்புடையது. சந்நிதி முறையை அறிந்த கை அது. அரசாணைத் தொனியை அது வேண்டுமென்றே தவிர்த்தது என்றும் சொல்வேன்.

என் வாதத்துக்கு எதிராக இரண்டு உண்டு. மூன்றாம் பயணத்தில் சென்ற ஃபெய் சின் தம் நூலில், கோயிலுக்குக் காணிக்கை அளித்ததையும் கல் நாட்டியதையும் கூறி, பேரரசின் ஆட்சியை உயர்த்தவே அது நாட்டப்பட்டது என்கிறார். வேடுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. இரண்டாவதாக, தமிழ்ப் பகுதியும் சீனப் பேரரசனை அரசர்க்கரசன் என்றே தொடங்குகிறது. முதலாவதை நான் அப்படியே ஏற்கிறேன். அனுப்பியவனின் நோக்கம் அதுவே. இரண்டாவது, மெய்க்கீர்த்தி மரபில் எந்த அரசனுக்கும் வரும் புகழ்மொழி. பாண்டியனுக்கும் கோட்டை அரசனுக்கும் அப்படியே எழுதியிருப்பார்கள். அனுப்பியவனின் நோக்கமும் கல் இக்கரையில் பேசிய பேச்சும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தமிழ்ப் பகுதியோடு ஒப்பிட்டால் ஆணையின் தொனி சீனத்தில்தான் இருக்கிறது. தென்கரையில் அதை வாசிக்கக்கூடியவர் எத்தனை பேர்?

கல் யாருக்குத் தரப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. இலங்கை அரசன் எவனுடைய பெயரும் அதில் இல்லை. தெனவரை என்பது மாத்தறைக்கு அப்பால் உள்ள தெவிநுவர. 1344இல் அங்கு வந்த இபின் பதூதா, கோயிலில் ஆயிரம் பிராமணரும் யோகிகளும் ஐந்நூறு பாடும் பெண்களும் இருந்ததாக எழுதுகிறார். அரசனை விட்டுவிட்டு இத்தகைய கோயிலுக்குக் கொடை அனுப்புவது நட்பாகவும் இருக்கலாம், அரசனைத் தாண்டிப் போகும் அவமதிப்பாகவும் இருக்கலாம். கப்பலோட்டிகளின் நேர்த்திக்கடன் என்ற விளக்கத்தையே நான் முதலில் வைப்பேன்.

இனி முதற்கூற்று. கல்லில் சிங்களம் இல்லாதது தென்னிலங்கை ஆட்சி பற்றி எதையும் நிறுவாது. அரசு சிங்கள அரசு. தமிழ் துறைமுகத்திலும் கோயிலிலும் வழங்கியது. சில ஆண்டுகளுக்குப் பின் ஆறாம் பராக்கிரமபாகு நயிமனையில் பொறித்த சாசனம் சிங்களம், தமிழ் என்னும் இரண்டிலும் அமைந்து, தெவிநுவரப் பிராமணருக்கு அன்னம் அளிப்பதைப் பதிவுசெய்கிறது. இரு மொழியும் ஒரே கல்லில் சண்டையின்றி நின்ற காலம் அது. இன்றைய வாதத்தில் கெட்டிக்காரத்தனமாக ஒன்றை மட்டும் தூக்கிப் பிடிப்பவர் அக்காலத்துக்கு அநீதி செய்கிறார்.

தீராதவை சில உள்ளன. போர், கப்பல்கள் மேற்கே போகும்போது நடந்ததா, 1411 ஜூலையில் சீனா திரும்புமுன் நடந்ததா என்பதில் ஆய்வாளர் ஒருமிக்கவில்லை. பிடிபட்டவன் வீர அழகேஸ்வரன் என்பர் பலர்; சிங்கள வரலாற்று நூலான இராஜாவலிய, விஜயபாகு என்கிறது. அடுத்து வந்த ஆறாம் பராக்கிரமபாகுவின் ஆட்சி 1412இல் தொடங்கியதா 1415இலா என்பதும் முடிவாகவில்லை. கல் முதலில் தெவிநுவரவில் நின்று காலிக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் கொண்டுவரப்பட்டதா என்பதும் அப்படியே.

பாரசீகப் பகுதி பெரிதும் தேய்ந்துவிட்டது. அதிலும் ஆணைச் செய்தி விடுபட்டிருந்தால் என் வாதம் வலுக்கும்; இருந்தால் வேடின் கை ஓங்கும். பாரசீகம் அறிந்த நம்மவர் யாராவது அதைச் சீனப் பகுதியோடும் தமிழ்ப் பகுதியோடும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பதிப்பிக்க முன்வர வேண்டும்.