கடல்கடந்து வந்த தொண்டரும் கரையோர வேடரும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் கரையோரப் பாதையிலே, மாங்கேணிக்கும் வாகரைக்கும் இடையில் அமைந்துள்ள ஊர் பனிச்சங்கேணி. பனிச்சை மரமும் கேணியும் சேர்ந்து இவ்வூருக்குப் பெயராயின போலும். பனிச்சங்காய்ச் சாற்றிலே வலையைத் தோய்த்து உரமேற்றுதல் பண்டைய மீன்பிடி வழக்கமாதலின், அப்பெயர் ஊரார் தொழிலோடும் நன்கு பொருந்துகின்றது. கீழ்ப்பால் கடல், மேற்பால் களப்பு, அதற்கப்பால் காடு. இம்மூன்றையும் நம்பி, தமிழையே தம் மொழியாகக் கொண்டு, கரையோர வேடர் என்னும் மக்கள் நெடுங்காலமாக இப்பகுதியில் வாழ்ந்து வருகின்றனர். வரலாற்று நூல்களில் இவர்க்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. அச்சிறிய இடமும் பெரும்பாலும் கடல்கடந்து வந்த தொண்டர்களின் வாயிலாகவே கிடைத்தது.

அத்தொண்டர்களுள் முதல்வர் வில்லியம் ஓல்ட் பாதிரியார். உவெசுலியன் சபையார் 1813ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து அனுப்பிய சிறு குழுவில் இவரும் ஒருவர். குழுத்தலைவராகிய தோமஸ் கோக் நடுக்கடலில் இறந்தார். ஓல்டின் மனைவியாரும் அப்பயணத்திலேயே உயிர்நீத்தார். தனியராய் மட்டக்களப்பை அடைந்த ஓல்ட், பள்ளிகளைத் தொடங்கித் தமிழ் கற்கலானார். ஓராண்டு நிறையுமுன், 1815 ஏப்பிரலில், அவரும் மறைந்தார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் இட்ட வித்து. எனினும், ஒரு நாட்டையும் அதன் மக்களையும் அறிந்துகொள்ள அவருக்கு வாய்த்த காலம் சில திங்களே. அவர் தமிழருக்கு எவ்வளவு இணங்கினார், தமிழர் அவருக்கு எவ்வளவு இணங்கினர் என்று ஆராய அக்காலம் போதாது.

ஆராய்ச்சிக்கு இடந்தருபவர் அவருக்குப்பின் வந்த றால்வ் ஸ்டொட் பாதிரியார். ஏறத்தாழ 1838இல் இவர் தம் கவனத்தை மட்டக்களப்பு நாட்டு வேடர்பாற் செலுத்தினார். அரசினரும் உதவினர். வீடுகள் கட்டப்பட்டன, நெற்காணிகள் ஒதுக்கப்பட்டன, கிணறுகள் தோண்டப்பட்டன, தென்னை நடப்பட்டது, பள்ளிகள் திறக்கப்பட்டன. 1845 முதல் 1850 வரை குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட தம் நூலில் இம்முயற்சியை விரித்துரைக்கின்றார். சில குடியிருப்புகள் நிலைத்தன, சில கலைந்தன. கலைந்ததற்கு வேடரின் நிலையாமைக் குணமே காரணம் எனக் கூறிவிடுதல் எளிது. ஆனால் காட்டிலே தேனும், களப்பிலே மீனும், கடற்கரையிலே வலைத்தொழிலும் பருவத்துக்கேற்பத் தேடி வாழ்பவனை ஓரிடத்து வீட்டிலே இருத்தினால், அவன் ஆண்டின் பாதி உணவை இழக்கின்றான் என்பதை அன்று எண்ணிப் பார்த்தவர் யார்? பெயர்ந்து வாழ்தல் அவனுக்கு ஒழுங்கின்மையன்று. அதுவே அவனுடைய பயிர்த்தொழில்.

ஸ்டொட்டின் நோக்கம் சமயம் பரப்புதலே. சைவர்கள் அதனை மறக்கவேண்டியதுமில்லை. அதன் பொருட்டு அவர் தோண்டுவித்த கிணற்றின் நீரைக் கைப்பென்று சொல்லவேண்டியதுமில்லை. உள்ளத்தை மாற்ற வந்தவர் முதலில் மாற்றிக்கொண்டது தம் நாவையே என்பது கருதத்தக்கது. இப்பகுதி மக்களோடு அவர் தமிழிலேயே உரையாடினார்.

வேடர் தரப்பிலும் வந்தவரை ஏற்கும் ஒரு முறை இருந்தது. 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூல், கரையோர வேடர் கப்பலில் வந்த ஆவிகளை அழைத்து நிகழ்த்தும் சடங்கொன்றைக் குறிப்பிடுகின்றது. கடல்வழியே வரும் புதியனவற்றை விலக்காது, பெயரிட்டுப் படையல் வைத்துத் தம் தெய்வ வரிசையில் அமர்த்திக்கொள்ளும் மக்கள் அவர்கள். வந்தவரே இணங்கிப் போனார் என்றோ, இருந்தவரே இணங்கிப் போனார் என்றோ ஒருபக்கமாகக் கூறுவார் இச்சடங்கை நோக்குவாராக.

2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபின் பல நாடுகளிலிருந்தும் தொண்டர்கள் வந்தனர். அவர்கள் செய்த உதவி பெரிது. ஆயினும், குறுகிய தவணைக்கு வந்து மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசிச் சென்ற ஒருவருக்கும், ஆண்டுக்கணக்கில் இருந்து மொழி பயின்ற ஒருவருக்கும் உள்ள வேறுபாட்டை வேறொரு நாட்டு வரலாறு துலக்குகின்றது. அது ஸ்டொட்டின் பிற்கால வாழ்க்கையே.

1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் 342 பேருடன் தென்னாபிரிக்காவின் நேற்றால் நாட்டிலுள்ள டேர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் அவர்கள். அவர்களோடு பேசவல்ல ஒருவரைத் தேடிய மெதடிஸ்த சபையாருக்கு ஸ்டொட் கிடைத்தார். 1862இல் அவர் டேர்பன் சென்றார். வட ஆர்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் பிறந்து பிழைப்புத்தேடிக் கடல்கடந்த உழவனுக்கு, அந்நிய மண்ணில் அவனுடைய மொழியிற் பேசிய வெள்ளையர் ஒருவர் எதிர்ப்பட்டார். அவர் நாவில் இருந்ததோ மட்டக்களப்பிற் பயின்ற தமிழ். முன்பு தாம் புதியவராய் நின்ற இடத்தில் இப்போது தமிழர் புதியவராய் நின்றனர்.

தோட்டந்தோட்டமாகவும் மருத்துவசாலைகளிலும் தொழிலாளரைச் சந்தித்த அவர், பள்ளிகளும் நிறுவினார். மதம் மாறினோர் தொகை சிறிதே. 1871இல் ஒப்பந்தம் முடிந்து தாயகம் திரும்பியோர் தோட்டக் கொடுமைகளைச் சென்னையில் முறையிட்டனர். அடுத்த ஆண்டே ஆணைக்குழு அமைந்தது. 1874இல் ஆளனுப்புதல் மீண்டும் தொடங்கியபோது கல்கத்தாவிலிருந்து இந்தி பேசுவோர் பெருந்தொகையினராய் வந்திறங்கினர். தெலுங்கர் முன்னரே இருந்தனர். ஸ்டொட்டின் தமிழ் அவர்கள் அனைவருக்கும் போதவில்லை. அவருக்குப்பின் அப்பணி அவர் மகன் சைமன் ஹோர்ணர் ஸ்டொட்டின் கைக்குச் சென்றது.