பெரியோர் காணும் பிள்ளைப் படங்கள்



சித்தூரிலிருந்து வேலூருக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாட்டின் எல்லையை நெருங்கும் இடத்தில் குடிபாலா என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன. மாமியார் ஒரு மொழியிலும் மருமகள் மற்றொரு மொழியிலும் பூசலிட்டு, இருவரும் ஒருவரையொருவர் ஐயமறப் புரிந்துகொள்ளும் குடும்பங்கள் அப்பக்கத்தில் உண்டு. இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. பழைய வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரமே சித்தூர்தான். 1911 ஏப்ரல் முதல் தேதியன்று சித்தூர் தனி ஜில்லா ஆயிற்று; 1953-இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது; 1960-இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு மாறியது; 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. கோடுகள் இவ்வாறு நகர்ந்துகொண்டிருக்க, மக்கள் தத்தம் வீடுகளிலேயே இருந்தார்கள்.

இந்த எல்லைப் பகுதியை முன்வைத்து ஒரு சிறிய செய்தியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். குழந்தைகளுக்கென்று எடுக்கப்பட்டதாகக் கருதப்படும் படங்களை வயது வந்தோர் விரும்பிப் பார்க்கிறார்களே, அது ஏன்? அதற்காக அவர்கள் வெட்கப்பட வேண்டுமா?

என் பெரியப்பா ஒருவர் இருந்தார். ஊரில் மதிப்புடையவர், பஞ்சாயத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. 1957-இல் சித்தூர் நகரத்துக் கொட்டகையில் ‘மாயாபஜார்’ தெலுங்குப் படத்தைப் பார்த்தவர் அவர். பிறகு வேலூருக்குப் போய்த் தமிழிலும் பார்த்தார். பல ஆண்டுகளுக்குப் பின் அப்படம் எங்கள் பக்கத்துக் கூடாரக் கொட்டகைக்கு வந்தபோது, “பிள்ளைகள் ஆசைப்படுகின்றன, அழைத்துப் போக வேண்டியிருக்கிறது” என்று பெரியம்மாவிடம் கூறிவிட்டு எங்களைக் கூட்டிச் சென்றார். நாங்கள் யாரும் ஆசைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. அப்படி ஒரு படம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது! கடோத்கஜன் விருந்துண்ணும் கட்டம் வந்தது. லட்டுகள் தாமாக எழுந்து அவன் வாய்க்குள் புகுந்தன. நான் திரும்பிப் பார்த்தேன். பெரியப்பா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்தப் படத்தின் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்லலாம். சென்னை வடபழனியிலிருந்த விஜயா நிறுவனத்தார் அதைத் தெலுங்கிலும் தமிழிலும் தயாரித்தனர். தெலுங்குப் படம் 1957 மார்ச்சு 27-ஆம் தேதியும், தமிழ்ப் படம் ஏப்ரல் 12-ஆம் தேதியும் வெளிவந்தன. தயாரித்தவர்கள் நாகிரெட்டியும் சக்ரபாணியும், இயக்கியவர் கே. வி. ரெட்டி. நாகிரெட்டி கடப்பை ஜில்லாவைச் சேர்ந்தவர், கே. வி. ரெட்டி அனந்தப்பூர் ஜில்லாவைச் சேர்ந்தவர். அதாவது இருவரும் ராயலசீமைக்காரர்கள், சித்தூருக்கு அண்டைவீட்டார். கே. வி. ரெட்டி முதன்முதல் இயக்கிய ‘பக்த போதனா’வில் போதனராக நடித்த நாகையாவோ, சித்தூர் நாடக மேடையில் புகழ் பெற்று, அவ்வூரின் பெயரையே தம் பெயருக்கு முன் சூடிக்கொண்டவர்.

‘மாயாபஜா’ரில் கண்ணனாக என். டி. ராமராவும் கடோத்கஜனாக எஸ். வி. ரங்காராவும் இரு மொழிகளிலும் நடித்தனர். அபிமன்யுவாகத் தெலுங்கில் நாகேசுவரராவும் தமிழில் ஜெமினி கணேசனும் தோன்றினர். நாயகி சாவித்திரி, தெலுங்கில் அவள் சசிரேகை, தமிழில் வத்சலை. எல்லைப்புறத்தார்க்கு இதனால் ஒரு தனிச் செல்வம் வாய்த்தது. லட்சுமணகுமாரனாக நடிப்பதில் ரேலங்கி சிறந்தவரா, தங்கவேலு சிறந்தவரா என்று எங்கள் ஊர்த் திண்ணையில் ஆண்டுக்கணக்காக வழக்கு நடந்தது. தீர்ப்பு இன்றளவும் வழங்கப்படவில்லை.

கதையோ வியாச பாரதத்தில் இல்லாதது. பலராமன் மகளை அபிமன்யுவுக்குக் கொடுப்பதாகச் சொன்ன சொல், பாண்டவர் நாடிழந்தபின் மாறுகிறது. பெண்ணைத் துரியோதனன் மகனுக்குக் கொடுக்க ஏற்பாடாகிறது. கடோத்கஜன் மாயத்தால் ஒரு நகரையே படைத்து, பெண்ணைப் போல் வடிவெடுத்து, மணமகன் வீட்டாரை அலைக்கழிக்கிறான். பாண்டவர் கதையாக இருந்தும் அப்படத்தில் பாண்டவர் ஐவரில் ஒருவரும் தோன்றுவதில்லை. செல்வம் போனவுடன் உறவு கசந்துவிடுவதைக் காட்டும் கதை இது. சொத்துக் குறைந்த வீட்டிலிருந்து பெண் கேட்டுச் சென்று திரும்பியவர்கள் அதைப் பார்த்து வேறு விதமாகச் சிரித்திருப்பார்கள். குழந்தை லட்டைப் பார்க்கிறது. பெரியவர் பலராமன் மனைவி ரேவதியின் முகத்தைப் பார்க்கிறார். ஒரே திரையில் இருவருக்கும் படம் ஓடுகிறது.

இத்தகைய காட்சி திரைப்படத்தோடு தொடங்கியது என்று நினைத்தால் தவறு. கடப்பை ஜில்லாவின் சுரபி என்னும் ஊரில் 1885-இல் வனாரச கோவிந்தராவ் தோற்றுவித்த நாடகக் குழு, குடும்பம் குடும்பமாக ஊர் சுற்றி நடித்தது. அவர்களுடைய ‘மாயாபஜார்’ நாடகத்தில் மேடைத் தந்திரங்களே உயிர். தமிழ்ப் பக்கத்தில் திரௌபதை அம்மன் கோயில்களின் பாரதக் கூத்தைச் சொல்ல வேண்டும். வேலூர், சித்தூர்ப் பகுதிகளில் கோடை நாட்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாக அது நடைபெறும். அபிமன்யுவின் திருமணக் கதை அங்கே சுந்தரியின் கதையாக வழங்குகிறது. கூத்தில் குழந்தைகளுக்கென ஓர் இரவு, பெரியோர்க்கென ஓர் இரவு என்று யாரும் பிரித்ததில்லை. கட்டியங்காரன் பேச்சில் பாதி சிறுவருக்குப் புரியாது. புரியாத பாதிக்கு அவர்கள் உறங்கிவிடுவார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு.

1930-களிலேயே இக்கதை பேசும் படமாகிவிட்டது. 1936-இல் வேல் பிக்சர்சார் அதைத் தெலுங்கில் எடுத்தனர். ஆகவே 1957-இல் கொட்டகைக்குச் சென்றவர்கள் கதை தெரிந்தவர்களே. தெரிந்த கதையில் இந்தத் தடவை தந்திரம் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்கவே சென்றார்கள். கடோத்கஜனின் சிரிப்புப் பாட்டு மெட்டும் பழையதே. தெலுங்கு நாடக மேடையிலிருந்து வந்த அது, 1922-இல் இங்கிலாந்தில் சார்லஸ் பென்ரோஸ் என்பவர் இசைத்தட்டில் பாடிப் புகழ்பெற்ற சிரிப்புப் பாட்டை ஒத்திருக்கிறது. பென்ரோஸ் பாட்டுக்கும் முன்னோடி ஒன்று உண்டு. அது 1890-களில் ஜார்ஜ் ஜான்சன் என்ற அமெரிக்க நீக்ரோவர் இசைத்தட்டில் பாடியது. ஓர் அரக்கன் சிரிப்பு எவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது, பாருங்கள்! தெலுங்கில் மாதவபெத்தி சத்யமும், தமிழில் திருச்சி லோகநாதனும் அதைப் பாடினார்கள்.

ஒளிப்பதிவு செய்தவர் மார்க்கஸ் பார்ட்லே என்ற ஆங்கிலோ இந்தியர். கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் ஒளிப்பதிவாளரிடம் இருந்த சாதனங்கள் மிகச் சில: கருவியை நிறுத்தி, பொருளை மாற்றி, மீண்டும் ஓட்டுதல், ஒரே சுருளில் இரு முறை ஒளி படச் செய்தல், மெல்லிய கம்பி, விளக்கு. நிலவில் ஓடம் செல்லும் காட்சியின் நிலவொளியை இன்றும் புகழாதவர் இல்லை. அது விளக்கொளியால் ஆக்கிய நிலவு. கார்ட்டூன் என்னும் இயங்கு சித்திரமும் இவ்வேலைக்கு உறவு முறையே. வினாடிக்கு 24 படங்கள் வீதம் ஒரு நிமிடத்துக்கு 1,440 படங்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் வரைந்து, ஒவ்வொன்றாகப் பதிவு செய்தால் ஓர் எலி ஓடும், ஒரு மான் பேசும்.

அந்த மான் உண்மையில் பேசியது, அதே 1957-இல். அரசினரின் பிலிம்ஸ் டிவிஷன் பம்பாயில் ஏற்படுத்திய கார்ட்டூன் பிரிவு, புத்த சாதகக் கதை ஒன்றைத் தழுவி ‘பன்யன் டீர்’ என்ற சித்திரப் படத்தை வெளியிட்டது. நம் கலைஞர்களுக்கு அவ்வித்தையைக் கற்பித்தவர் டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ். டிஸ்னியோ, தாம் குழந்தைகளுக்காக மட்டும் படம் எடுக்கவில்லை என்று பலமுறை சொன்னவர். 1937-இல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’ படத்தை 1944-இலும் பின்னர் சில ஆண்டுகளுக்கொரு முறையும் அவர் நிறுவனம் மீண்டும் திரையிட்டது. முன்பு குழந்தையாகப் பார்த்தவர் பின்பு தம் குழந்தையுடன் வருவார் என்பது அவர்கள் கணக்கு. என் பெரியப்பா அக்கணக்கை அறியாமலே அதன்படி நடந்தார்.

நம் நாட்டு நாகிரெட்டி, சக்ரபாணிக்கும் இக்கணக்கு தெரிந்திருந்தது. அவர்கள் 1947 சூலையில் தொடங்கிய ‘சந்தமாமா’, தமிழில் ‘அம்புலிமாமா’, பிள்ளைகளின் பத்திரிகை என்று பெயர் பெற்றது. ஆனால் தபால்காரர் கொண்டுவந்தவுடன் அதைக் கையில் எடுப்பவர் வீட்டில் யார்? வேதாளத்தைச் சுமக்கும் விக்கிரமாதித்தனைச் சங்கர் வரைந்த சித்திரம் எத்தனை தாத்தாக்களின் சாய்வு நாற்காலியில் கிடந்தது! அக்கதைகளில் வேதாளம் கேட்கும் கேள்விகள் நியாயம் பற்றியவை. விடை சொல்லப் பத்து வயது போதாது. இப்பொழுது அப்பத்திரிகை வெளிவருவதில்லை. பழைய இதழ்களை வாங்கிச் சேர்ப்பவர்கள் குழந்தைகள் அல்லர் என்பதைப் பழைய புத்தகக் கடைக்காரர்கள் அறிவார்கள்.

குடும்பப் படங்களைப் பற்றியும் ஒரு சொல். எரிக் கேஸ்ட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர், பிரிந்துபோன பெற்றோரைச் சேர்த்துவைக்கும் இரட்டைச் சிறுமியரைப் பற்றி 1949-இல் ஒரு கதை வெளியிட்டார். டிஸ்னி 1961-இல் அதைப் படமாக்கினார். 1965-இல் ஏ. வி. எம். அதைக் ‘குழந்தையும் தெய்வமும்’ ஆக்கிற்று. குட்டி பத்மினி இரு வேடங்களில் நடித்தார். அடுத்த ஆண்டே தெலுங்கிலும் வந்தது. அதைப் பார்த்து அழுதவர்களில் பெரும்பாலோர் மணமானவர்கள். சிறுமியர் ஆடுவதை எங்கள் தெருப் பிள்ளைகள் பார்த்தார்கள். கணவனோடு பேச்சு வார்த்தையற்றிருந்த ஓர் அம்மாள் அப்படத்தை மூன்று முறை பார்த்ததை நான் அறிவேன். அதன்பின் அவ்வீட்டில் என்ன நடந்தது என்பது வானொலியில் சொல்லத் தக்கதன்று.

இத்தனையும் இருக்க, பிள்ளைப் படம் என்றால் தாழ்ந்தது என்ற எண்ணம் படித்தவரிடம் எவ்வாறு வந்தது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பள்ளியில் வகுப்பு வகுப்பாகப் பிரித்ததைப் போல் ரசனையையும் வயது வயதாகப் பிரித்தோம். 1955-இல் அரசினர் குழந்தைகள் திரைப்படச் சங்கத்தை நிறுவினர். நோக்கம் உயர்ந்தது, சங்கத்தின் ‘ஜல்தீப்’ 1957-இல் வெனிஸ் நகரில் பரிசும் பெற்றது. ஆனால் குழந்தைகள் மட்டும் பார்ப்பதற்கென்று ஒரு படம் முத்திரையிடப்பட்டுவிட்டால், டிக்கெட்டு வாங்கும் பெரியவர் வரமாட்டார். அவர் வராத கொட்டகைக்குப் படம் வராது. குடிபாலாவைப் போன்ற ஊர்களுக்கு அச்சங்கத்துப் படங்கள் வந்ததாக நான் கண்டதில்லை. 2022-இல் சங்கத்தின் பணிகள் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. மறுபக்கம், வீட்டில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை வந்துவிட்டது. பாட்டி ஒன்றையும் பேரன் மற்றொன்றையும் ஒரே கூடத்தில் தனித்தனியே பார்க்கிறார்கள். எனக்கு உண்மையாகவே கவலை தருவது இதுதான். லட்டு வாய்க்குள் புகும்போது திரும்பிப் பார்க்க அருகில் ஒரு பெரியப்பா இல்லையென்றால், அந்தக் காட்சியில் பாதி எனக்குக் கிடைத்திராது.

ஆயினும் மனம் முற்றும் சோர்ந்துவிட இடமில்லை. 1993-இல் ஜப்பானியர் யூகோ சாகோவும் நம் ராம் மோகனும் சேர்ந்து உருவாக்கிய இராமாயணச் சித்திரப் படம், 2025 சனவரியில் நம் திரையரங்குகளுக்குப் புதுப் பிரதியாக வந்தது. சிறு வயதில் அதைத் தொலைக்காட்சியில் பார்த்து, இப்போது வேலைக்குப் போகும் வயதினர் அதற்குச் சென்றனர். அதே ஆண்டு சூலையில் வந்த நரசிம்மாவதாரச் சித்திரப் படத்துக்கோ குடும்பங்கள் திரளாகச் சென்றன. ‘சித்திரப் படமாயிற்றே’ என்று யாரும் கூசவில்லை.

தெலுங்கு ‘மாயாபஜார்’ படத்துக்கு ஐதராபாத்து நிறுவனம் ஒன்று வண்ணம் ஊட்டி, 2010 சனவரியில் வெளியிட்டது. பெரியப்பாவுக்கு அப்பொழுது எண்பது வயது கடந்துவிட்டது. சித்தூருக்கு அழைத்துச் சென்றோம். இம்முறை பிள்ளைகளைச் சாக்குச் சொல்ல அவர் முயலவில்லை. அவர்தாம் முதலில் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். விருந்துக் கட்டம் வந்தது. படம் முடிந்து வெளியே வந்தபோது, “வண்ணத்தில் எப்படி இருந்தது, பெரியப்பா?” என்று கேட்டேன்.

திருப்பதிக்கு வண்டி கட்டிப் போய்ப் பிரசாதம் வாங்கி வந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். என்னைச் சற்று வியப்போடு பார்த்தார்.

“ஏண்டா, லட்டு அன்றைக்கும் மஞ்சளாகத்தானே இருந்தது?” என்றார்.