வயது கடந்த பின் ஒரு பட்டம்: அமெரிக்காவில் 'ரிக்ரியேஷன்' படிப்பில் சேரும் முன்

அமெரிக்காவில் குடியேறிய நம் குடும்பங்களில், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் விட்ட படிப்பைத் தொடர நினைக்கும் சகோதரிகள் பலர். 'ரிக்ரியேஷன் அண்ட் லெஷர் ஸ்டடீஸ்' என்று பேச்செடுத்தால், "பொழுதுபோக்குக்கு ஒரு பட்டமா?" என்று வீட்டில் சிரிப்பு வரும்.

இது சினிமா, கேளிக்கைப் படிப்பு அல்ல. பூங்காக்கள், நீச்சல் குளங்கள், கோடை முகாம்கள், முதியோர் மையங்கள் இவற்றைத் திட்டமிட்டு நடத்தக் கற்றுத்தருவது. பெண்களுக்கு மட்டும் நீச்சல் நேரம் ஒதுக்கலாமா என்று முடிவெடுக்கும் மேசையில் அமர்பவர்களில் பலர் இதைப் படித்தவர்கள்தான். நம்மவர் அங்கே இருந்தால் நல்லதுதானே!

இதன் இன்னொரு கிளை 'தெரபியூட்டிக் ரிக்ரியேஷன்'. பக்கவாதம், மனநோய், விபத்து ஆகியவற்றிலிருந்து மீள்பவர்களுக்கு விளையாட்டு, கைவேலை, தோட்டவேலை வழியாக உதவும் மருத்துவமனைப் பணி. 2023-இல் இதில் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 57,000 டாலராக இருந்தது. பூங்கா, முகாம்களில் தொடக்க நிலை ஊழியர்களுக்கு அதைவிட வெகு குறைவு. பல வேலைகள் பகுதி நேரம் அல்லது கோடைக்கு மட்டும்.

எந்தக் கிளை என்பதைச் சேரும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். சிகிச்சைக் கிளையில் சி.டி.ஆர்.எஸ். சான்றிதழ்தான் முக்கியம். அதற்கு இளங்கலைப் பட்டமும் குறிப்பிட்ட பாடங்களும் போதாது. 14 வாரங்களுக்குக் குறையாமல் 560 மணி நேர நேரடிப் பயிற்சி முடித்துத் தேர்வும் எழுத வேண்டும். பாடங்களை இரவில் ஆன்லைனில் படித்துவிடலாம், பயிற்சியை அப்படி முடிக்க இயலாது. பெரும்பாலும் சம்பளமும் இராது. அந்த மாதங்களில் குழந்தைகளை யார் பார்ப்பார்கள் என்று கணவன் மனைவி இப்போதே பேசிக்கொள்வது அவசியம். யூட்டா, வட கரோலினா போன்ற சில மாநிலங்களில் தனி உரிமமும் தேவை.

பூங்கா நிர்வாகக் கிளைக்கு சி.பி.ஆர்.பி. என்ற சான்றிதழ் உண்டு. இங்கே கல்லூரியின் அங்கீகாரம் வித்தியாசத்தை உண்டாக்குகிறது. 'கோப்ரட்' அங்கீகாரம் பெற்ற துறையில் பட்டம் பெற்றவர் அனுபவம் இல்லாமலே தேர்வு எழுதலாம். வேறு துறைப் பட்டதாரி என்றால் இத்துறையில் மூன்று ஆண்டுகள் வேலை செய்திருக்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். மாணவர் கடன் வட்டியோடு வருவதால் நம்மில் பலர் அத்தோடு ஆசையை விட்டுவிடுகிறார்கள். ஆனால் 'பெல் கிராண்ட்' கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள, வருமானம் குறைந்த குடும்பத்தவர் 'ஃபாஃப்சா' படிவத்தில் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு இல்லை. ஒரு சிக்கல்: ஊரில் ஏற்கனவே பி.ஏ., பி.எஸ்சி. முடித்தவருக்கு இது கிடைக்காது, வெளிநாட்டுப் பட்டமும் பட்டமாகவே எண்ணப்படும். அவர்கள் பழைய மதிப்பெண் பட்டியலை மதிப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து எத்தனை கிரெடிட் கழியும் என்று முதலில் பார்க்கட்டும். வேலையில் இருப்பவர்களுக்கு, நிறுவனம் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரியின்றிக் கல்வி உதவி தர அனுமதி உண்டு. கேட்டுப் பாருங்கள், பலர் கேட்பதே இல்லை.

கடைசியாக ஒன்று. மற்றவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் மாலையும் சனி, ஞாயிறும்தான் இந்தத் துறைக்கு வேலை நேரம். வீட்டில் எல்லோரும் கூடும் பொழுதில் நீங்கள் முகாமில் இருப்பீர்கள். சேருவதற்கு முன், அருகிலுள்ள முதியோர் மையத்தில் சில வார இறுதிகள் தன்னார்வலராகப் போய் வந்தால் இது ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.