இடுப்பில் கட்டும் இழுவைப் பட்டி: நாரி நோவுக்குத் தீர்வாகுமா?

விளம்பரத்தில் ஒருவர் இடுப்பில் பட்டி ஒன்றைக் கட்டுகிறார். கையால் காற்று அடிக்கிறார். பட்டி மேலும் கீழுமாக விரிகிறது. அடுத்த காட்சியில் அவர் எந்த நோவும் இல்லாமல் தோட்டத்தில் வேலை செய்கிறார். இதைப் பார்த்துவிட்டு வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளிடம் சொல்லி அந்தப் பட்டியை எடுப்பிக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். யுத்தம் முடிந்து இத்தனை ஆண்டுகளாகியும் நாரி நோவோடு எழுந்து நாரி நோவோடு படுப்பவர்களுக்கு அந்த நம்பிக்கை பெரியது. அதனால்தான் பணம் கொடுக்க முன்னர் சிலவற்றை அறிந்துகொள்வது அவசியம்.

எப்படி வேலை செய்கிறது?

முள்ளந்தண்டை இழுத்து நோவைக் குறைக்கும் முறை புதியதல்ல. கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீசின் காலத்திலேயே நோயாளியைப் பலகையில் கிடத்தி இழுத்திருக்கிறார்கள். வைத்தியசாலைகளில் கட்டிலில் படுக்கவைத்து, இடுப்பில் வார் கட்டி, எடையாலோ இயந்திரத்தாலோ இழுப்பதும் இதே முறைதான்.

அணியும் பட்டியில் வெளியே இருந்து எதுவும் இழுப்பதில்லை. காற்று நிரம்பும்போது பட்டியின் மேல்விளிம்பு கீழ் விலா எலும்புகளையும் கீழ்விளிம்பு இடுப்பெலும்பையும் எதிரெதிராகத் தள்ளுகின்றன. மேலுடலின் பாரத்தில் ஒரு பங்கு முள்ளந்தண்டில் இறங்காமல் பட்டியின் வழியே இடுப்புக்குப் போகும், எலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்கின் அழுத்தம் குறையும் என்பதே இதன் அடிப்படை. காற்றுக்குப் பதிலாகத் தூக்கிகள் பொருத்தப்பட்ட வகைகளும் உண்டு.

கட்டியவுடன் சிலருக்குச் சுகம் தெரிவது உண்மையே. ஆனால் பட்டியைக் கழற்றியதும் பாரம் பழையபடி முள்ளந்தண்டுக்குத் திரும்பிவிடும். அதோடு, புதிதாக வந்த நாரி நோவு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறையும். அந்த நேரத்தில் பட்டி கட்டியிருந்தால் பெயர் பட்டிக்கே போகும்.

ஆய்வுகள் சொல்வது

2013இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, இழுவைச் சிகிச்சை பற்றிய 32 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அவற்றில் 2762 பேர் பங்குபற்றியிருந்தனர். நோவு குறைவதிலும் வேலைக்குத் திரும்புவதிலும் இழுவையால் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2016இல், நாரி நோவுக்கு இழுவையையோ பட்டிகளையோ வழங்க வேண்டாம் என்றது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனமும், குறிப்பிட்ட காரணம் கண்டறியப்படாத நீடித்த நாரி நோவுக்கு இவை இரண்டையும் பரிந்துரைக்கவில்லை. நோவு பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, உளவியல் சார்ந்த உதவி ஆகியவற்றையே அது முன்வைத்தது.

யாருக்கு ஆபத்து?

யுத்தத்தில் காயப்பட்டவர்களின் நோவுக்குத் தனிக் காரணம் இருக்கலாம். முள்ளந்தண்டின் அருகே எறிகணைச் சிதறல் இருப்பவர்கள், பழைய முறிவு உள்ளவர்கள், முதுகில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைக் கட்டக்கூடாது. முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்பின் கீழ் உணர்ச்சி இல்லாதவர்களுக்குப் பட்டி அழுத்துவது தெரியாது. தெரியவரும்போது புண்ணாகியிருக்கும். கர்ப்பிணிகள், எலும்புத் தேய்வு, குடலிறக்கம், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும்.

செயற்கைக் கால் அணிபவர்களுக்கு நாரி நோவு அதிகம் வருகிறது. காலின் உயரமோ பொருத்தமோ பிசகினால் நடை சரிந்து, அதன் பாரம் நாரியில் விழும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது காலை. அதைப் பட்டி திருத்தாது.

உடனே வைத்தியசாலைக்கு

சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போவது அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்வது, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போவது, கால்கள் பலம் இழப்பது ஆகியவை புதிதாகத் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. நரம்புகள் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். காய்ச்சலோடு வரும் நோவையும், காரணமின்றி உடல் மெலிவதோடு வரும் நோவையும் உடனடியாகக் காட்ட வேண்டும். உடலில் சிதறல் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்க முன்னர் கட்டாயம் சொல்லுங்கள். காந்தம் உலோகத்தை அசைக்கக்கூடும்.

பட்டியை ஏற்கெனவே வாங்கியவர்கள் அதை எறிந்துவிட வேண்டியதில்லை. அடுத்த கிளினிக்கிற்கு அதையும் கொண்டுபோய் உங்கள் உடலுக்கு ஏற்றதா என்று கேளுங்கள். இன்னும் வாங்காதவர்கள் முதலில் அரச வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்குப் போய்வாருங்கள். அங்கே பணம் கேட்பதில்லை. கற்றுத்தரும் பயிற்சிகளை வீட்டில் தினமும் செய்வது சலிப்பான வேலைதான், பலன் தெரிய வாரக்கணக்காகும். ஆனாலும் ஆய்வுகளின் ஆதரவு அந்தப் பயிற்சிகளுக்கே இருக்கிறது.